நாங்க பாத்த வரைக்கும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் பேருந்தில், மடியில் புளியங்குடி எலுமிச்சைப் பையோடு என்னருகே அமர்ந்திருந்தார் ஒரு பெண் ஆராய்ச்சியாளர். குட்டை முடி, தடித்த கண்ணாடி. எதைச் சொன்னாலும் "நாங்க பாத்த வரைக்கும்" என்று முடிப்பது அவர் வழக்கம். மேடையில் ஐயத்துக்கு இடம் தராதே என்று பயின்ற எனக்கு அது பலவீனமாகவே பட்டது.

அன்று மாலை குற்றாலத்தில் பேச்சுப்போட்டியின் இறுதிச்சுற்று. தலைப்பு, அறிவியலின் வெற்றி. முதற்பரிசை வென்று தரும் கடைசி வரி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த நான், அவர் பணியைப் பற்றிக் கேட்டேன்.

"டிஎன்ஏ இழைகளைத் தங்கத் தகட்டுல நட்டு வச்சிருக்கோம். தகட்டுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தா இழை நிமிர்ந்து நிக்குது, புரதம் வந்து பிடிச்சுக்கிடுது. நேர் மின்னழுத்தமா மாத்தினா படுத்துக்கிடுது, புரதத்தால சரியாப் பிடிக்க முடியல. நாங்க பாத்த வரைக்கும்."

"அப்பம் நோய் தர்ற புரதத்தைப் பிடிக்க விடாம, மின்சாரத்தாலயே புற்றுநோயை ஓட்டிரலாம்னு முடிச்சிரட்டுமாக்கா?"

"அப்படியே முடியேன், சபை நல்லாக் கைதட்டும். எங்க தகட்டுக்குத்தான் வெக்கமா இருக்கும்" என்று சிரித்தார். "உடம்புக்குள்ள நாங்க இன்னும் பாக்கலியே, தம்பி."

மேடையில், "உயிரின் இழையை நிமிர்த்தவும் சாய்க்கவும் கற்றுவிட்டோம்" என்று முழங்கினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இதுவரை, ஒரு சிறு தகட்டின் மேல் மட்டும்" என்றும் சொன்னேன். கைதட்டலுக்குப் பதில் நேரம் முடிந்த மணி ஒலித்தது. முதற்பரிசு சிவகிரியிலிருந்து வந்த போட்டியாளனுக்குப் போயிற்று.

நிறைவோடுதான் பேருந்து ஏறினேன். ஐயத்துக்கு இடம் தந்த அந்தக் கடைசிச் சொற்களின்போது என் குரல் ஏன் சிறிதும் தாழவில்லை என்பது மட்டும் இன்றும் எனக்கு விளங்கவில்லை.