கலந்து சாப்பிட்ட மாத்திரை

நான் வேலை பார்க்கும் மருந்து ஆராய்ச்சிப் பிரிவின் வாசலில் ஒரு நீள பெஞ்சு கிடக்கிறது. தையல்காரரும் வெல்டரும் சிநேகமானது அதில்தான். இருவருக்கும் ஒரே வியாதி. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் கை திறக்கவே திறக்காது.

தையல்காரருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதிலிருந்து துணியை விட்டால் வேறு உலகம் தெரியாதவர். கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனதும் மனைவி வெட்ட ஆரம்பித்தார், இவர் கல்லாவில் உட்கார்ந்தார். "கல்லாவுல உட்கார ஒரு பொம்மை போதுமே, புருஷன் எதுக்கு?" என்று அந்த அம்மா எங்கள் முன்னாலேயே கேட்பார். இவர் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகாது.

ஊரில் என் வேலையைச் சொன்னால், "சோதனை எலிக்கா, மனுஷனுக்கா?" என்பார்கள். மனுஷனுக்குத்தான். அதனால்தான் சேருவதற்கு முன் எல்லாவற்றையும் உட்கார வைத்து விளக்குகிறோம். சேருபவர்களில் பாதிப் பேருக்குப் புது மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில், மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும். கொடுக்கிற எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. இடையில் விலகினால் அந்த மருந்து வெளியே எந்தக் கடையிலும் கிடைக்காது. இதையும் சொன்னேன்.

"அப்போ எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வெத்துவேட்டா தம்பி?" என்றார் வெல்டர்.

"இருக்கலாம்ணே. ரெண்டு பேருக்குமே மருந்தாவும் இருக்கலாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரிந்துதான் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

மாதாமாதம் சேர்ந்தே வருவார்கள். காலி டப்பாக்களை ஒழுங்காகத் திருப்பித் தருவார்கள், ஒரு மாத்திரை மிஞ்சியிருக்காது. "அவங்களைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று நர்ஸ் அக்கா மற்றவர்களிடம் சொல்லுவார். தையல்காரரின் விரல்கள் மெல்ல இளகின. ஒரு நாள் தானே வெட்டித் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, காலரைத் தூக்கிக் காட்டினார். "இப்போ கத்தரிக்கோலைத் தொடவே விடமாட்டேங்கறார்" என்று மனைவி குறைப்பட்டுக்கொண்டார். குரலில் அத்தனை சந்தோஷம்.

பிறகு வெல்டரின் கண் மஞ்சளித்தது. ரத்தத்தைச் சோதித்தால் கல்லீரல் மோசமாகிக்கொண்டிருந்தது. இப்படி ஓர் ஆபத்து வந்தால், அந்த ஒருவருடைய ரகசியத்தை மட்டும் டாக்டர் திறந்து பார்க்கலாம். திறந்தார். மருந்தில்லாத மாத்திரை. டாக்டரம்மா நிம்மதியாக மூச்சு விட்டார்.

"பயப்படாதீங்க. உங்களுக்குக் கொடுத்தது மருந்தே இல்லை. இது நம்ம மாத்திரையால வந்ததில்லை. வேற காரணம் தேடுவோம்."

வெல்டரை அழைத்துக்கொண்டு வந்திருந்த தையல்காரர் கதவோரம் அவர் பையைப் பிடித்தபடி நின்றிருந்தார். பையைக் கீழே வைத்தார். தன் வலது கையை ஒரு முறை விரித்து மூடிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெல்டருக்கு விளங்கிவிட்டது.

"மாப்ளே, பேசாம இரு. உன் கை..."

"நீ சும்மா இருய்யா." தையல்காரர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "அவரும் மருந்து சாப்பிட்டிருக்கார்மா. ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிக் குலுக்கி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டோம். முதல் மாசத்துலேர்ந்தே."

"அடப்பாவிங்களா!" என்றார் நர்ஸ் அக்கா.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஒருத்தன் தேறி, ஒருத்தன் அப்படியே கிடந்தா, அந்த பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல எப்படிம்மா உட்கார்றது?"

டாக்டரம்மா திட்டவில்லை. தையல்காரரின் ரகசியத்தையும் திறந்தார். அது மருந்துதான். அந்த இடத்திலேயே இருவருக்கும் மாத்திரை நின்றது. சோதனையைக் கண்காணிக்கும் பாதுகாப்புக் குழுவுக்குச் செய்தி போனது. இதே சோதனை நடக்கும் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் முடிவுகளையும் அவர்கள் புரட்டினால், அங்கங்கே சிலருக்குக் கல்லீரல் லேசாகப் பாதித்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது யாருக்கும் பெரிதாகப் படாத பாதிப்பு. புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிடும் அத்தனை பேருக்கும் உடனே ரத்தப் பரிசோதனை என்று உத்தரவு வந்தது. அதில் "பங்கேற்பாளர் ஒருவர் தெரிவித்தபடி" என்று இருந்தது, அவ்வளவுதான். பெயர் போடக்கூடாது என்பது எங்கள் விதி.

இன்னும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், தையல்காரர் பேச்சு ஒரு வார்த்தைகூடப் புரியாத ஊர்களில், யார் யாரோ சட்டைக் கையைச் சுருட்டி ரத்தம் கொடுத்தார்கள். அத்தனையும் இந்த மனிதர் வாய் திறந்ததால். தன் விரல் போகும் என்று தெரிந்தே திறந்தார்.

வெல்டர் வார்டில் தேறிவருகையில் தையல்காரர் டீ வாங்கிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா கொடுத்த பழைய மருந்து ஓரளவுக்குத்தான் கேட்டது. விரல்கள் மறுபடி வீங்கியிருந்தன.

"பெரிய அரிச்சந்திரன்! இப்போ பாரு உன் கையை."

"கை போனா பொண்டாட்டி வெட்டுவா. நீ போயிட்டா நான் யாரைத் திட்டிக்கிட்டு டீ குடிக்கறது? படுய்யா பேசாம."

வெல்டர் படுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, ஒரு டம்ளரை மடங்காத அந்த விரல்களுக்கு நடுவில் மெல்ல வைத்தார். நழுவிவிடாமல் தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.