உங்கள் பிள்ளை ஒரு பன் வாங்கியுள்ளார்

என் வீட்டுக்காரியைப் பள்ளிக்கூடமே பன் அக்கா என்றுதான் கூப்பிடும். ஐம்பதைத் தாண்டியவளுக்கு அக்கா பட்டம். அதில் அவளுக்கு ஏகப் பெருமை. பள்ளி கேன்டீன் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பன்னும் பிஸ்கட்டும் விற்கிறாள். நான் இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியே பல காலம் ஆகிறது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்: அவள் இனிப்பைத் தொடக் கூடாது. சர்க்கரை நோய். கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. "இப்படியே போனா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நோய் அவளுக்கு, திட்டு எனக்கு. அன்றிலிருந்து ஊசியில் நூல் கோக்கும்போதுகூட அந்த விரல்தான் என் கண்ணில் நின்றது.

அந்தச் சமயம் பார்த்துப் பள்ளியில் காசுக்குப் பதில் கார்டு வந்தது. பெற்றோர் போன் வழியாகக் கார்டில் பணம் போட வேண்டும். பிள்ளை அதை மெஷினில் வைத்தால் 'கீங்' என்று சத்தம். என்ன வாங்கியது என்று பெற்றோருக்குச் செய்தி. மெஷினை மாட்ட வந்த ஆள் இவளுக்கும் ஒரு கார்டு கொடுத்து (பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம்), போன் நம்பர் கேட்டிருக்கிறான். இவள் போன் எப்போதும் வீட்டு அலமாரியில்தான் தூங்கும். அதனால் என் நம்பரைச் சொல்லியிருக்கிறாள்.

முதல் செய்தி வந்தபோது ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். 'உங்கள் பிள்ளை ஒரு பன் வாங்கியுள்ளார்.' அடியில் இவள் பெயர். கார்டு வைத்திருப்பவர்கள் எல்லாரும் அந்த மெஷினுக்குப் பிள்ளைகள்தான் போலிருக்கிறது. சட்டைக்காரர் என் போனை எட்டிப் பார்த்து, "அட, எத்தனை பிள்ளைங்கண்ணே உங்களுக்கு?" என்றார்.

"உங்க சட்டை நாளைக்குத்தான் கிடைக்கும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் மூன்று பன். அதற்கடுத்த நாள் ஐந்து. அடிப்பாவி! வீட்டில் சர்க்கரை போடாத காபியை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, அங்கே போய் ஐந்து பன்னா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

சாயங்காலம் புண்ணுக்கு மருந்து போடும்போது நைசாகக் கேட்டேன்.

"கேன்டீன்ல நீ ஏதாவது சாப்பிடுறியா?"

"நின்னு தண்ணி குடிக்கவே நேரமில்ல. இதுல சாப்பாடு வேறயா!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று வயிறு எரிந்தது. உண்மையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இவள் நடக்க முடியாமல் போனால் நான் என்ன ஆவேன்?

அடுத்த நாள் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். இடைவேளை நேரத்துக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கழுத்தில் டேப்போடு போய் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மறைந்து நின்றேன்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கீங், கீங். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி கார்டை வைத்ததும் மெஷின் கர்ரென்று கத்திச் சிவப்பு விளக்கைக் காட்டியது. கார்டில் பணம் இல்லை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குழந்தையின் முகம் சுண்டிப் போனது.

"ஏய் மெஷினே, காலையிலயே என்ன தூக்கம்?" என்று என் வீட்டுக்காரி அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிய உள்ளங்கைக்குள் அவளுடைய கார்டு. கீங். பச்சை விளக்கு. "பாத்தியா கண்ணு, இதுக்கு அடி குடுத்தாதான் வேலை செய்யும். பன்னை எடுத்துக்கிட்டு ஓடு."

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. உங்கள் பிள்ளை ஒரு பன் வாங்கியுள்ளார்.

கொஞ்ச நேரத்தில் மெஷினுக்கு இன்னொரு அடி. போன் மறுபடியும் அதிர்ந்தது.

மணி அடித்துக் கூட்டம் கலைந்ததும் ஜன்னலுக்குப் போனேன். அவள் திடுக்கிட்டுக் கையைப் பின்னால் மறைத்தாள்.

"நீங்க எங்க இங்க?"

போனை அவள் முன்னால் நீட்டினேன். வரிசையாகக் கிடந்த செய்திகளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, எல்லாம் உங்களுக்கா வருது? காசு இருந்தப்போ, 'நாளைக்குக் குடு'ன்னு சொன்னா முடிஞ்சுது. இது லைட்டைப் போட்டு ஊருக்கே சொல்லிடுதுங்க. திட்டாதீங்க."

"நீ திங்கலையே?"

"என்னது?"

"நீ ஒண்ணும் திங்கலையே? அதைச் சொல்லு முதல்ல."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "அஞ்சு பன்னையும் நானே முழுங்குறேன்னு நெனச்சீங்களா? என் வயித்து மேல அவ்வளவு நம்பிக்கையா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க உள்ளே போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இனிமே உக்காந்து வில்லு. புண்ணு ஆறணுமா வேணாமா?" என்று கத்திவிட்டு வந்தேன்.

ஸ்டூல் கைகொடுத்தது. புண் மெல்ல ஆறி, போன வாரம் டாக்டர் அம்மா கட்டைப் பிரித்துவிட்டார். அந்தக் கார்டுக்கு இப்போது நான்தான் பணம் போடுகிறேன். "செய்தி தொந்தரவா இருந்தா நம்பரை மாத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். மாத்தித்தான் பாரேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று அந்தச் சட்டைக்காரர் பேன்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். இடைவேளை நேரம். போன் விட்டு விட்டுக் கத்தியது.

"அன்னிக்கே கேட்டேன், நீங்க பதிலே சொல்லல. எத்தனை பிள்ளைங்கண்ணே உங்களுக்கு?"

போன் அடங்கும்வரை பொறுத்திருந்து எண்ணிப் பார்த்தேன்.

"இன்னிக்கு ஏழு" என்றேன்.