கழற்றிய தாழ்ப்பாள்

மகளின் அறைத் தாழ்ப்பாளை நான்தான் கழற்றினேன். அவளுடைய தோழி தற்கொலை செய்துகொண்ட மூன்றாம் நாள், மகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில்.

இருவரும் பிளஸ் டூ. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சனிக்கிழமைகளில் அந்தப் பெண் பள்ளங்கியிலிருந்து அட்டுவம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். அவள் அப்பா தோட்டத்துக் கேரட்டை மண்ணோடு கொண்டுவருவாள். கடைசியாக வந்த அன்று இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு மூன்றாவது வேண்டாம் என்றாள். அந்த மூன்றாவது தோசையை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதுவும் என் கண்ணில் பட்டிருக்கவில்லை.

துக்க வீட்டில் எல்லோரும் தீராத வயிற்றுவலி என்றார்கள். எங்கள் பக்கம் எந்த வீட்டில் இப்படி நடந்தாலும் அதைத்தான் சொல்வோம், பெற்றவர்களை யாரும் மேற்கொண்டு குடையக் கூடாது என்பதற்காக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டபோது நானும், "ஆமாங்க, ரொம்ப நாளா வயித்து வலி" என்றேன். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

பேசாத பிள்ளையை என்ன செய்வது? கணவருக்குத் தாண்டிக்குடியில் காப்பி எஸ்டேட் வேலை, ஞாயிறுதான் வருவார். எனக்குத் தோன்றியதெல்லாம் ஸ்க்ரூ டிரைவர்தான்.

மழைக்கு மரம் ஊதிப்போன கதவு. தாழ்ப்பாள் இல்லாமல் நிலையில் பொருந்தாது, காற்றடித்தால் திறந்துகொள்ளும். வெங்காயம் நறுக்கும்போதுகூட அடுப்படியிலிருந்து அவள் முதுகு தெரிந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், "ம்" வரும்வரை.

எட்டாம் நாள் மதியம் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "உனக்கும் அப்படி ஏதாச்சும் தோணுதாடி?"

அவள் போர்வையின் நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"இல்லம்மா. எனக்கு அழணும். நீ பாத்துக்கிட்டே இருக்க. கதவச் சாத்துனா நிக்க மாட்டேங்குது."

நூல் அறுந்ததும், "அவளுக்கு வயித்து வலியே கெடையாது. நீயும் சொன்னேல்ல" என்றாள்.

பீரோவில் சேலைக்கடியில் ஒளித்து வைத்திருந்த தாழ்ப்பாளை எடுத்து வந்தேன். ஸ்க்ரூ ஓட்டைகள் பெரிதாகிவிட்டிருந்தன. தீக்குச்சிகளை ஒடித்துச் செருகி முடுக்கினேன். கதவு ஆடாமல் அவள் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் என்னை வெளியே விட்டுத் தாழிட்டாள்.

உடனே அழுகை கேட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை கேட்கிறவரை எனக்குப் பயமில்லை.

பிறகு சத்தம் நின்றது. தட்டினால் தாழ்ப்பாளை மாட்டிக் கொடுத்ததற்கே அர்த்தமில்லை. தட்டாமல் இருக்கவும் முடியவில்லை. உள்ளங்கையைக் கதவில் வைத்தபடி இருந்தேன், உள்ளே அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்கும்வரை.