சீட்டெடுத்துச் சீனாவுக்குப் பேசியவள்

எங்கள் பெண்கள் கல்லூரியில் பேச்சுப் போட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்வார்கள். அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதத்தில் வந்த தலைப்பு: வரலாற்றிலும் ஆட்சிமுறையிலும் எது மேல், இந்தியாவா சீனாவா? எனக்கு இந்தியா வந்தது. மில்கள் நிறைந்த பீளமேட்டிலிருந்து வரும் என் தோழிக்குச் சீனா.

"தோத்துப்போட்டா இமயமலைக்கு அந்தப் பக்கம் தள்ளியுட்ருவீங்களாக்கும்?" என்று சிரித்தாள். தோற்றது நான்தான். அவளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு கிடைத்தது.

ஐப்பசியில் எல்லையில் சீனாவோடு சண்டை வந்தது. மாணவிகள் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னினோம். மில் பகுதிகளில், சீனாவுக்கு வேண்டியவர்கள் என்று தொழிற்சங்கத்து ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. ஒரு விடியற்காலை, மில் சங்கத்தில் இருந்த தோழியின் அண்ணனையும் போலீசார் கூட்டிப்போனார்கள். மறுநாள் வகுப்பில் அவள் பெஞ்சில் என்னைத் தவிர யாரும் உட்காரவில்லை.

அந்த வாரமே சாதாரண உடையில் ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். பிரின்சிபால் அம்மாள் எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார்.

"சீனாவுக்குப் பேசுன புள்ள யாருங்க?" என்றார் அதிகாரி.

"சீட்டுல வந்ததுங்க. இவ எடுத்திருந்தா இவ பேசியிருப்பா" என்று பிரின்சிபால் என்னைக் காட்டினார்.

"சீட்டுல வந்ததுக்கு அத்தனை நல்லா பேச வருங்களா? ஊட்டுல கேட்டுப் பழகியிருக்கோணுமுங்க. நான் மேலே எழுதிப்போட்டா இந்தப் புள்ள படிப்பு இன்னியோட சரிங்க."

தோழி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பிரின்சிபாலுக்கு ஒரு யோசனை தோன்றியது. "இங்கேயே பக்கத்தை மாத்திப் பேசச் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க."

முதலில் தோழி இந்தியாவுக்குப் பேசினாள். அரசியல் சட்டம், எல்லோருக்கும் ஓட்டு, எதிர்க்கட்சிக்கு இடம் என்று, ஆடியில் நான் சொன்னவற்றையே என்னைவிட நன்றாகச் சொன்னாள். அதிகாரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்குப் போதவில்லை.

அடுத்து என் முறை. நான் திக்கினால், சீனாவுக்குப் பேச வீட்டில் கேட்டுப் பழகியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னது மெய்யாகிவிடும். நன்றாகப் பேசினால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது. மன்னராட்சி கவிழ்ந்ததிலிருந்து தொடங்கினேன். பஞ்சம், பண்ணையார்கள், உழுதவனுக்குப் பிரித்துக் கொடுத்த நிலம். நிலத்துக்கு வந்ததும் குரல் தானாக உயர்ந்தது. கையும் நீண்டது. அதிகாரி விசிறியை விட்டு என்னைப் பார்த்தார்.

முடித்துவிட்டு நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"பாத்தீங்களா?" என்றார் பிரின்சிபால்.

"பாத்தேனுங்க. சீட்டுல வந்தா யாரு வேணும்னாலும் பேசுவாங்க போல." தோழியிடம், "நீ போ, அம்மணி" என்றார். அவள் கதவைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்கப்பா பேரு என்னுங்க? எந்த மில்லு?"

"மில்லு இல்லீங்க. தாராபுரத்துல வெவசாயமுங்க."

எழுதிக்கொண்டார்.

தோழியை அதன்பின் யாரும் அழைக்கவில்லை, படிப்பை முடித்தாள். நான் அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பா சொன்னார்: "ஆரோ ஒருத்தன் வந்தான், கண்ணு. ரேடியோவுல எந்த ஊர்ச் சேதி கேப்பீங்க, சீனாச் சேதியான்னான். ஊட்டுல ரேடியோவே இல்லீங்கன்னேன். நம்பாதவனாட்டம் பாத்துட்டு, மறுக்கா வாரேன்னுட்டுப் போனான்."