நாள் குறிக்காமல் பிடுங்கிய பல்

தேங்காப்பட்டணத்தில் ஒரு பெண் இறந்துபோனால் ஓர் ஆள் பள்ளிவாசலுக்கு ஓடும், இன்னோர் ஆள் ஜொஹரா பேகத்தின் வீட்டுக்கு ஓடி வரும். பெண் மையத்தை, உயிர் போன உடலை, குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, கடைசிப் பயணத்துக்கு ஒருக்கி அனுப்புகிறவள் அவள். வயது நாற்பத்தாறுதான். இந்தக் காரியத்துக்கு இது சின்ன வயது என்று முணுமுணுத்த கிழவிகள் உண்டு. முணுமுணுத்த கிழவிகளையும் கடைசியில் அவள்தான் குளிப்பாட்டினாள். வெந்நீரின் சூட்டை முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்ப்பாள், பச்சைப் பிள்ளைக்குப் பார்க்கிற மாதிரி. அப்படிப்பட்டவளுக்குத் தன் வாய்க்குள் இருந்த ஒரு பல்லைக் கண்டால் நடுக்கம்.

இடது பக்கம், கீழ்த்தாடையில், கடைசிக் கடைவாய்ப் பல். முழுசாக முளைக்கவும் மாட்டேன், உள்ளே அடங்கிக் கிடக்கவும் மாட்டேன் என்று இரண்டுங்கெட்டானாக நின்று இரண்டு வருடமாக அவளைப் படுத்தி எடுத்தது. கிராம்பு வைத்துக் கடித்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி முழுங்கினாள். சார்ஜாவிலிருந்து மகன் ஷஹீர் போனில் கத்துவான்.

"உம்மா, அந்தப் பல்லப் புடுங்கிக் களையப்பிடாதா?"

"புடுங்கலாம் மக்கா. நோன்பு கழியட்டும்."

நோன்பு கழிந்தால் மழை. மழை கழிந்தால் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மனம் வைக்காதவளுக்குச் சாக்குக்கா பஞ்சம்?

உண்மையான காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். முதல் தடவை புதுக்கடை என்ற பக்கத்து ஊரில் பல் டாக்டரிடம் நாள் வாங்கிய அன்று, பர்தாவைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஆள் வந்துவிட்டது. மேலத்தெருவில் ஒரு வயசாளி போய்விட்டாளாம். பல்லாவது பர்தாவாவது, ஓடினாள். இரண்டாம் தடவை கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் வந்தது. குளிமுறியில் வழுக்கி விழுந்த ஒருத்தி. கழற்றிய செருப்பை அப்படியே மாட்டிக்கொண்டு திரும்பினாள். பல் பிடுங்க நாள் குறித்தால் மவுத்து வருகிறதே என்று அன்றைக்கே மனதில் ஒரு முள் ஏறிவிட்டது. சே, இதென்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் நாள் குறித்தாள். அன்றைக்கு ரிஃபா போனாள்.

ரிஃபாவுக்கு இருபத்தாறு வயது. பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுவாரம் காய்ச்சல் கண்டது, பிறகு எல்லாம் முடிந்தது. உயிர் பிரிந்த சூட்டோடு தாடைக்குக் கீழே ஒரு துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிந்துவிட வேண்டும். விட்டால் வாய் திறந்தபடியே விறைத்துவிடும். விழுந்து புரண்டு அழுத அந்த வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. ஜொஹரா போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. எவ்வளவோ நீவிப் பார்த்தாள், வெந்நீரில் துணி நனைத்து ஒத்திப் பார்த்தாள். மூடவில்லை. ஏதோ கேட்க வந்து நின்றுபோன மாதிரி அந்த வாய் திறந்தே இருந்தது. அடுத்த அறையில் பிள்ளை பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஜொஹரா கண்ணை மூடினால் அந்த வாய்தான். கஞ்சி குடிக்கத் தன் வாயைத் திறந்தாலும் அதுதான். நான் நாள் குறித்தேன், அவள் போனாள். இதுதான் அவள் போட்ட கணக்கு. இனி நாள் குறித்தால் யாரோ? சொந்த வீட்டிலேயே எட்டு மாத வயிற்றோடு மருமகள் ஷாஹினாஸ் நடமாடிக்கொண்டிருந்தாள். பைத்தியக்காரத்தனம் என்று நீங்களும் நானும் சொல்லிவிட்டுப் போகலாம். நாம் யாருடைய வாயையும் மூடப் போய்த் தோற்றதில்லை.

பல் இதற்கெல்லாம் காத்திருக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கன்னம் பூரியாக வீங்கி, வாய் ஒரு விரல் நுழையக்கூடத் திறக்காமல், எச்சில் முழுங்கினால் தொண்டை வரை குத்தி இழுத்தது. ஷாஹினாஸ் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கன்னத்தில் வைத்தாள். அது நழுவாமலிருக்க இன்னொரு துணியைத் தாடைக்கு அடியில் கொடுத்து மேலே கொண்டுபோய் உச்சந்தலையில் இறுக்கி முடிந்தாள். ஜொஹரா தலையைத் தூக்கினாள். எதிரே அலமாரிக் கண்ணாடி.

"எடு! எடுட்டி அத!"

திறக்காத வாயிலிருந்து அந்தச் சத்தம் எப்படி வந்ததோ. துணியைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். ஷாஹினாஸ் பயந்துபோனாள். பிறகு மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவித் தடவி, என்ன விசயம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்துவிட்டாள்.

"நா நாளு குறிச்சா ஒரு பெண்ணு போயிருவா, மக்களே. மூணு வாட்டி பாத்தாச்சு. இந்த வாட்டி அது நீயா இருந்தா நா என்ன செய்வேன்?"

ஷாஹினாஸ் சிரிக்கவில்லை. வீட்டுக்காரனை அக்கரையில் விட்டுவிட்டு மாமியை மட்டும் நம்பி இருக்கிறவள், அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"எனக்காச்சுட்டுப் பயந்து நீங்க சாவப் போறியளா? வெஷம் தொண்டைக்கு எறங்கிச்சுன்னா பின்ன என்ன செய்ய? ஊருல உள்ளவளுவள எல்லாம் நீங்க குளிப்பாட்டுனிய. ஒங்கள ஆரு குளிப்பாட்டுவா? இந்த வயித்த வச்சிட்டு நா நின்னு ஒங்க தாடையக் கட்டணுமா? என்னக்கொண்டு ஆவாது மாமி. சத்தியமா ஆவாது."

சொல்லிவிட்டு அவளும் அழுதுவிட்டாள். இரண்டு பேரும் அழுது முடித்ததும் ஷாஹினாஸ்தான் வழி கண்டுபிடித்தாள். "நாளு குறிச்சாத்தானே கொழப்பம்? குறிக்காண்டாம். இப்பமே போவோம். ஆருட்டயும் சொல்லாண்டாம்."

டாக்டர் ஜாஸ்மி சின்னப் பெண், கையில் பதற்றமில்லை. படம் எடுத்துத் திரையில் காட்டினாள். "பாத்தியளாம்மா, பல்லு நேரா நிக்கல்ல. எலும்புக்குள்ள ஒருச்சாய்ஞ்சு படுத்துக் கெடக்கு." ஒருச்சாய்த்துப் படுக்க வைப்பது எங்கே என்று ஜொஹராவுக்குத் தெரியும். கபர்க்குழியில் அப்படித்தான் கிடத்துவார்கள். அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சீழ் இருக்கும்போது பிடுங்க முடியாது, மருந்து சாப்பிட்டு வீக்கம் வற்றட்டும் என்று சொன்ன டாக்டர், "அடுத்த வியாழக்கிழமை..." என்று ஆரம்பித்தாள். ஜொஹரா அவள் கையை எட்டிப் பிடித்துவிட்டாள்.

"நாளு சொல்லாண்டாம் டாக்டர். வீக்கம் வத்துனா ஒரு நாளு நானே வாறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கேன்."

விசித்திரமான நோயாளி என்று டாக்டர் நினைத்திருக்கலாம். ஆனாலும் சரி என்றாள்.

வீக்கம் வற்றிய பிறகு ஒரு காலையில், தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். ஷாஹினாஸும் கூட வர நின்றாள்.

"நீ வராண்டாம். கதவச் சாத்திட்டு வீட்டுக்குள்ள இரி. நா வாறது வரைக்கும் வாசல்ல எறங்கப்பிடாது, கேட்டியா?"

தெருமுனையில் நின்ற ஃபஹீமின் ஆட்டோவில் ஏறினாள். எங்கே என்று அவனிடம்கூடப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் சொன்னாள்.

ஊசி போட்டதும் பாதி முகம் அவளுடையதாக இல்லாமல் போயிற்று. தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டது விரலுக்குத் தெரிந்தது, உதட்டுக்குத் தெரியவில்லை. எத்தனை உதடுகளை இப்படித் தொட்டிருக்கிறாள்! "நல்லா வாயத் திறங்கம்மா" என்றாள் டாக்டர். திறந்தாள். ரிஃபா வந்து நின்றாள். ஜொஹரா கண்ணை இறுக மூடிக்கொண்டு தெரிந்ததையெல்லாம் ஓதினாள். உள்ளே ஏதோ நெறிந்தது, உடைந்தது, துண்டு துண்டாக வெளியே வந்தது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை என்றிருந்தது. கடைசியில் டாக்டர் பஞ்சைத் திணித்து, "ஒரு மணிக்கூர் கடிச்சுப் பிடிங்க, பேசப்பிடாது" என்றாள். பஞ்சு வைப்பது எப்படியென்று அவளுக்கா தெரியாது?

ஆட்டோவில் ஏறியதும் முதல் காரியமாக ஷாஹினாஸுக்குப் போன் அடித்தாள். பேச முடியாவிட்டால் என்ன, அவள் குரலைக் கேட்டால் போதும். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவையும் எடுக்கவில்லை. எப்போதும் கையிலேயே போனை வைத்துக்கொண்டு அலைகிறவள். ஜொஹரா ஃபஹீமின் தோளைத் தட்டினாள், சீக்கிரம் சீக்கிரம் என்று கையை ஆட்டினாள். வாயில் பஞ்சு ரத்தத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

ஊருக்குள் நுழையும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகை நேரமில்லை. நேரம் கெட்ட நேரத்தில் அது பேசினால் எதற்கென்று ஊருக்கே தெரியும். ஃபஹீம் வண்டியை மெதுவாக்கினான்.

"ஓர் அறிவிப்பு. நமது ஜமாஅத்தைச் சேர்ந்த, தெக்குத்தெருவில்..."

தெக்குத்தெரு அவள் தெரு. ஜொஹராவுக்கு மரக்காமல் இருந்த பாதியும் மரத்துப்போயிற்று.

"...தெக்குத்தெருவில் வசித்து வந்த யாக்கூப் அவர்கள் சற்று முன்பு வபாத்தானார்கள்."

"அல்ஹம்துலில்லாஹ்!"

பஞ்சு தெறித்து மடியில் விழுந்தது. நல்லது நடந்தால் அல்லாஹ்வைப் புகழ்கிற அந்தச் சொல்லைச் சொன்னது தான்தான் என்று அவளுக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. மவுத்துச் செய்தி கேட்டால் ஊரில் எல்லாருக்கும் முந்தி 'இன்னா லில்லாஹி' சொல்லுகிற வாய் அது. ஃபஹீம் திரும்பிப் பார்த்தான். யாக்கூபின் பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறவன் அவன்.

யாக்கூபின் வீடு அவள் வீட்டுக்கு அடுத்தது. ஆட்டோ நின்றதும் அந்த வாசலிலிருந்து ஷாஹினாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நெஞ்சப் பிடிச்சிட்டு இருந்துட்டாரு மாமி. தேவி கூப்பாடு போட்டா, போனையும் எடுக்காத ஓடிட்டேன்" என்றாள். தேவி யாக்கூபின் வீட்டு வேலைக்காரி. ஜொஹரா மருமகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள், தெருவென்றும் பார்க்கவில்லை.

பிறகு அந்த வீட்டுக்குள் போனாள். யாக்கூபின் மனைவி அவள் வீங்கிய கன்னத்தையும் உதட்டோர ரத்தத்தையும் பார்த்து, "இந்த நெலையிலயும் எனக்காச்சுட்டு வந்தியா ஜொஹரா" என்று கட்டிப் பிடித்துக் கதறினாள். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த ஃபஹீம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

சாயங்காலம் மரப்பு விட்டு வாய் நெருப்பாக எரிய ஆரம்பித்ததும், சொல்ல வேண்டியதை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். 'இன்னா லில்லாஹி' என்று எத்தனை தடவை சொன்னாலும், ஆட்டோவில் வந்துவிட்ட சொல்லுக்குப் பிறகு, அது இரண்டாவதாகத்தான் வந்தது. ரிஃபாவின் வாய் அன்றோடு கனவில் வருவதை நிறுத்திவிட்டது. இப்போது தன் வாயே வருகிறது. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறாள், அழுகிறாள், எல்லாம் செய்கிறாள். ஆனால் மறுபடி அதே ஆட்டோவில் அதே இடத்தில் இருந்தால் அந்தச் சொல்தான் வரும் என்பது அவளுக்கும் தெரியும்.