ஓர்வல் டீட்ஸும் கிழக்கு கேலரியும்

கட்டைவிரலை வாயில் வைத்து ஈரமாக்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார் ஓர்வல் டீட்ஸ். சனிக்கிழமை காலை. கேட்லின் ஸ்டேட் காலேஜின் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குத் தெற்கே இருக்கும் திடலில் வண்டிகள் வந்து நின்றுகொண்டிருக்கின்றன. விரலில் எந்தப் பக்கம் சில்லென்கிறதோ அந்தப் பக்கத்துக் காற்று. தெற்குக் காற்று என்றால் "போச்சுடா" என்பார். டிரெய்லரின் கொக்கியைக் கழற்றி, முக்கி முனகி, திடலின் மேற்கு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போவார். அங்கிருந்து போகிற புகை ஸ்டேடியத்தைத் தொடாமல் சோளக்காட்டுப் பக்கம் போய்விடும்.

டிரெய்லரின் மேல் இருப்பது புகையடுப்பு. பாசனக் கிணற்றுக்கு இறக்குகிற கேசிங் குழாயை அறுத்து, மூடி வைத்து, அவரே வெல்டிங் அடித்தது. உள்ளே மாட்டு நெஞ்சுக்கறி முந்தின நாளிலிருந்தே கருவாலி விறகின் புகையில் கிடந்து கறுத்துக்கொண்டிருக்கும். ஸ்டேடியம் குதிரை லாடம் மாதிரி. தெற்குப் பக்கம் வாய் திறந்து கிடக்கிறது. ஒரு வருஷம் காற்றைப் பார்க்காமல் மூடியைத் திறந்துவிட்டார். புகை நேராக அந்த வாய்க்குள் போனது. மூக்கைப் பிடித்து இழுத்த மாதிரி ஜனங்கள் எழுந்து வந்துவிட்டார்கள். இடைவேளை முடிந்து பிள்ளைகள் மைதானத்துக்குத் திரும்பினபோது கைதட்ட பேண்டுக்காரர்கள்தான் மிச்சம். அதிலும் டிரம்போன் வாசிக்கிறவன் வெளியே தட்டோடு நின்றான். அன்றைக்கு கேட்லின் தோற்றது. அதற்கப்புறம்தான் இந்தக் கட்டைவிரல் பழக்கம்.

ஆள் குட்டை. கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. வாரம் முழுக்க ஊர் ஊராகப் போய் போர் போடுகிற வேலை. நகத்தில் எப்போதும் களிமண். சனிக்கிழமை மட்டும் காலேஜின் சிவப்புத் தொப்பி தலைக்கு ஏறும். ஏறினால் கடைசி விசில் வரைக்கும் இறங்காது. மழையானாலும் சரி, தேசிய கீதத்துக்கு எல்லோரும் தொப்பியைக் கழற்றினாலும் சரி. அவர் மனைவி மார்லிஸ் அந்தத் தொப்பியை இடுக்கியால்தான் தூக்குவாள். "இத ஒரு தடவ துவைச்சா காலேஜே தோத்துடுமா?" என்று கேட்டால், "தோக்கும்" என்பார். அவ்வளவுதான் பதில்.

கேட்லினில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. இடைவேளையில் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வரலாம், திரும்பவும் உள்ளே போகலாம். வருகிறவர்கள் வருவார்கள், போகிறவர்கள் குறைவு. பெரிய பிக்கப் வண்டியின் பின்னால் டிவியைக் கட்டி, மடக்கு நாற்காலியைப் போட்டு, கண்ணுக்கு எதிரே நிற்கிற ஸ்டேடியத்தில் நடக்கிற ஆட்டத்தை டிவியில் பார்ப்பார்கள். ஓர்வலுக்கு இதைக் கண்டாலே வயிறு எரியும். ஒரு துண்டுக் குழாயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வருவார்.

"எந்திரிங்கடா! பசங்க உள்ள இடுப்பு ஒடிய ஆடுறானுங்க, நீங்க இங்க பீன்ஸ் கிண்டுறீங்களா?"

"ஒரே ஒரு துண்டு கறி குடு ஓர்வல், போயிடுறோம்."

"கடைசி விசிலுக்கு முன்னாடி என் அடுப்பு மூடியில கை வெச்சா விரல நறுக்கி பீன்ஸ்ல போட்டுடுவேன். நடங்க!"

முனகிக்கொண்டே உள்ளே போவார்கள். கடைசி ஆளாக அவர் போவார். கிழக்கு கேலரியின் உச்சி வரிசையில் உட்காருவார். அங்கிருந்து ஆட்டமும் தெரியும், அடுப்பும் தெரியும்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் அன்றைய கூட்டத்தை அறிவிப்பார்கள். விற்ற டிக்கெட்டையெல்லாம் ஆளாக்கிச் சொல்வது ஊர் வழக்கம். வெளியே திடலில் பதுங்கியிருக்கிற கும்பல் அதைக் கேட்டு, "அதுல பாதி நாங்கதான்!" என்று ஊளையிடும். ஓர்வல் மட்டும், "டிக்கெட் எந்திரிச்சு கத்துமாடா?" என்று முன்வரிசைக்காரனின் முதுகைப் பார்த்துக் கேட்பார்.

இனி ஒரு இரும்பு சீட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மார்ஷ்ஃபோர்க் காலேஜ். அந்தப் பேரை ஓர்வல் வாயால் சொல்லமாட்டார். "அந்தக் கரைக்காரனுங்க" என்பார். மார்லிஸ் பிறந்த ஊர் அது. அவள் தம்பி டுவேன் க்ராட்ஸர் பச்சைத் தொப்பிக்காரர். இரண்டு காலேஜும் வருஷத்துக்கு ஒரு தடவை மோதும். எந்தக் காலேஜ் தோற்கிறதோ, அந்தக் கட்சிக்காரர் நவம்பர் கடைசியில் வருகிற நன்றித் திருநாள் விருந்தில் பழைய டிராக்டரின் இரும்பு சீட்டில் உட்கார வேண்டும். பால் கேன் மேல் அதைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும், ஜில்லென்று இருக்கும், ஆடும். மேசை உயரத்துக்கு எட்டாது. வான்கோழியைத் தாடைக்கு நேராக வைத்துச் சாப்பிட வேண்டும். பிள்ளைகள் குழம்பு கொடுக்காமல் கிண்டல் செய்வார்கள். மூன்று வருஷமாகத் தொடர்ந்து ஓர்வல்தான் உட்காருகிறார். இந்த அக்டோபரிலும் கேட்லின் தோற்றாயிற்று.

"சீட்டுக்கு கிரீஸ் வெச்சிட்டேன் மாமா" என்று அன்றைக்கே டுவேனிடமிருந்து போன்.

"அடுத்த வருஷம் பாரு மச்சான். உன் பின்பக்கத்துல அந்த ஓட்டை அத்தனையும் அச்சு விழுகும்."

நவம்பர் நடுவில் ஒரு நாள், போர் போடுகிற இடத்துக்கே வந்து நின்றார் ப்ரெண்டன் ஹாலவே. காலேஜின் விளையாட்டு நிர்வாகம் முழுக்க அவர் கையில். சின்ன வயசு, கையில்லாத பஞ்சுக்கோட்டு, வெள்ளை ஷூ. அந்த ஷூவோடு சேற்றில் நின்றாரென்றால் விஷயம் பெரிசு என்று ஓர்வலுக்குப் புரிந்துவிட்டது.

நாடு முழுக்க காலேஜ்கள், தங்களுக்குள் மோதிக்கொள்கிற கூட்டணிகளை விட்டுத் தாவிக்கொண்டிருந்த நேரம் அது. நம்ம அரசியல்வாதிகளைத் தோற்கடிக்கிற தாவல். காலையில் ஒரு கூட்டணி, சாயங்காலம் ஒரு கூட்டணி. எல்லாம் டிவி ஒளிபரப்பு உரிமைக்காக. பெரிய கூட்டணியில் இருந்தால் டிவிக்காரர்கள் அள்ளிக் கொடுப்பார்கள். சின்னக் கூட்டணியில் கிடந்தால் மைதானத்துக் கோடு போடுகிற சுண்ணாம்புக்குத்தான் காணும்.

"பெரிய கூட்டணிக்காரங்க சனிக்கிழமை நம்மள பாக்க வர்றாங்க சார். கூடவே டிவிக்காரங்களும். கேமரா மேற்குல இருக்கு. அதுக்கு நேரா தெரியுறது கிழக்கு கேலரிதான்."

"அதனால?"

"இடைவேளைக்கப்புறமும் அது நிறைஞ்சிருக்கணும். காலி பெஞ்சு டிவில தெரிஞ்சா நம்ம கதை முடிஞ்சுது. உங்களால மட்டும்தான் சார் முடியும்."

ஓர்வல் இயந்திரத்தை அணைத்தார். அவர் வாழ்க்கையில் இயந்திரத்தை நிறுத்தவைத்த மனிதர்கள் கொஞ்சம்.

"தம்பி, கிழக்கு கேலரி என் பொறுப்பு. ஒருத்தன் எந்திரிச்சா ஆணி அடிச்சு உக்கார வைக்கிறேன்."

அந்த வாரம் ஊரில் அவர் தொல்லை தாங்கவில்லை. போர் போடப் போன வீட்டிலெல்லாம், "சனிக்கிழமை வந்து உக்காருறியா, இல்ல தண்ணி வராத இடமா பாத்து குழாய இறக்கவா?" என்று மிரட்டினார். பாதிரியாரைப் பிடித்தார். பல் டாக்டரை, வாய் திறந்து கிடக்கும்போதே சம்மதிக்கவைத்தார். வராதவனுக்குக் கறி கிடையாது என்று பெட்ரோல் பங்கில் அறிவித்தார். வருகிற சனிக்கிழமையோடு கேட்லின் பெரிய இடத்துக்குப் போகிறது என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமை வந்தது. தெற்குக் காற்று. அடுப்பு மேற்கு மூலைக்குப் போனது. அடுத்த வியாழன் நன்றித் திருநாள். அதற்கு முன்னோட்டமாக டுவேன் பச்சைத் தொப்பியோடு வந்து, மார்லிஸ் வைத்திருந்த மிளகாய்க் குழம்பில், ஊர் வழக்கப்படி, இனிப்பான இலவங்கப்பட்டை ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாமா, பெரிய கூட்டணிக்குப் போறீங்களாமே. வாழ்த்துகள்."

"வயிறு எரியுதா மச்சான்?"

"எனக்கென்ன? நல்லதுதான். இனிமே எங்ககூட மோத உங்களுக்குத் தேதி ஏது? டிவிக்காரன் சொல்ற ஊருக்கெல்லாம் பறக்கணும். கடைசியா மோதினதுல ஜெயிச்சது நாங்க." ரொட்டியை மென்று விழுங்கினார். "அப்போ அந்த சீட்டு உனக்குத்தான். ஆயுசுக்கும். கல்லறையிலகூட அதையே நட்டுடலாம்."

ஓர்வல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நேராக ப்ரெண்டனைத் தேடிப் போனார். தெற்கு வாசலில் விருந்தாளிகளுக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தார் அவர்.

"தம்பி, ஒரே கேள்வி. அந்தக் கரைக்காரனுங்களோட ஆட்டம் அடுத்த வருஷம் உண்டா இல்லியா?"

"சார்... அது வந்து... ஒளிபரப்புக்காரங்களுக்கு அந்த ஆட்டத்துல அவ்வளவு ஆர்வம் இல்ல."

"யாருக்கு ஆர்வம் இல்ல?"

"அதவிடப் பெரிய ஆட்டமெல்லாம் வருது சார்! கலிஃபோர்னியாவுல இருந்தே ஒரு டீம் வருது."

"கலிஃபோர்னியாவுல எனக்கு மச்சான் இருக்கானா?"

அதற்குள் ஒரு நீளமான கறுப்பு வண்டி வந்து நிற்க, ப்ரெண்டன் கையை நீட்டிக்கொண்டு ஓடினார்.

ஆட்டம் ஆரம்பித்தது. கிழக்கு கேலரி ஓர்வல் வாக்குக் கொடுத்த மாதிரியே சிவந்து கிடந்தது. பாதிரியார் இருந்தார். பல் டாக்டர் இருந்தார். போர் போட்ட வீடு, போடப்போகிற வீடு எல்லாம் இருந்தது. எதிரே கண்ணாடி அறையில் விருந்தாளியாக வந்த கோட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். உச்சி வரிசையில் உட்கார்ந்து ஓர்வல் அந்தக் கூட்டத்தையே பார்த்தார். இருபது வருஷமாக இந்தக் காட்சிக்குத்தான் குழாயைத் தட்டினார். அதைப் பார்க்கும்போது பெருமையாக இருந்தது உண்மைதான். கீழே பெஞ்சின் சில்லிப்பு, அந்த இரும்பு சீட்டு மாதிரியே, கால்சட்டை வழியாக ஏறியதும் உண்மை.

இடைவேளை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை, அவ்வளவு பயம் அவரிடம். பேண்டு மைதானத்தில் இறங்கியது. ஓர்வல் மட்டும் எழுந்து, படியிறங்கி, கையை நீட்டி முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன, நீயே வந்துட்ட?" என்றாள் மார்லிஸ்.

ஓர்வல் கட்டைவிரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தார். தெற்கே இருந்து, பிசகாமல் வீசிக்கொண்டிருந்தது. மேற்கு மூலைக்குப் போய் டிரெய்லரைப் பிடித்து முக்கினார். அது அசையவில்லை. சக்கரம் புல்லில் புதைந்திருந்தது.

"எங்க மாமா தள்ளுற?" பின்னால் டுவேன்.

"காத்துக்கு."

டுவேன் ஸ்டேடியத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். குழம்புக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். பச்சைத் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தோளைக் கொடுத்தார்.

"அடுத்த வருஷமும் உன்னதான் உக்கார வைப்பேன், தெரியும்ல?"

"பேசாம தள்ளுடா."

இரண்டு பேரும் மூச்சிரைக்க அதை உருட்டிக்கொண்டு வந்து, லாடத்தின் திறந்த வாய்க்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். ஓர்வல் மூடியை முழுசாகத் திறந்தார். கொழுப்பும் மிளகும் விறகும் கலந்த நீலப் புகை குபுக்கென்று எழுந்து, ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி நின்று, பிறகு மெதுவாக உள்ளே நகர்ந்தது. மைதானத்தில் ஒரு டிரம்போன் நடுப்பாட்டில் நின்றுபோனது.

ஓர்வலுக்கு அந்த வேகம் போதவில்லை. தலைக்குக் கையைக் கொண்டுபோய், சிவப்புத் தொப்பியைக் கழற்றி, வழுக்கை வெயிலில் மின்ன, விசிற ஆரம்பித்தார்.