முதல் ஸ்வாப் அம்மாவுக்கு

சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். நோய் எதுவும் செய்யாமல் குழந்தைகளின் வாயில் குடியிருக்கும் ஈஸ்ட் பூஞ்சை, வசதியான வீட்டிலும் கூலி வீட்டிலும் மரபணுவில் எப்படி வேறுபடுகிறது என்று பார்க்கும் வேலை வந்தது. மாதிரி எடுக்க ஏற்காட்டுக்குப் போனோம்.

1. செம்மநத்தம்

முதல் நாள் செம்மநத்தம் கிராமத்தில், பஞ்சு சுற்றிய ஸ்வாப் குச்சியைக் கண்டதும் பிள்ளைகள் வாயை இறுக மூடிக்கொண்டன. எஸ்டேட் வேலைக்குக் கிளம்பிய செல்வி, மகளோடு என் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, மொதல்ல எனக்கு எடுங்க. பாத்துட்டு அவளே தெறப்பா.”

அம்மா பல்லைக் காட்டிய கோலத்தில் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே எடுத்துவிட்டேன். அதிலிருந்து முதலில் அம்மா, பிறகு பிள்ளை என்பதே எங்கள் முறை.

2. ஹாஸ்டல்

ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் அம்மாக்கள் இல்லை. கணவர் துபாயில், எனக்கு ஷிப்ட் என்பதால் என் மகள் நிலா அங்கேதான் ஆறாவது படிக்கிறாள். “நீங்க ஒரு அம்மா இருக்கீங்களே, உங்களுதையும் வைங்க” என்றார் ஆய்வை நடத்தும் எங்கள் சார்.

வரிசையில் வந்த நிலா, மற்றவர்களைப் போலவே “குட் மார்னிங் மேடம்” என்று வாயைத் திறந்தாள். தோழிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சேலம் திரும்பி, டிஎன்ஏவைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் மாதிரிகளை ஓட்டினேன். செல்விக்கும் மகளுக்கும் ஈஸ்டின் டிஎன்ஏ கோடுகள் ஒன்றாக நின்றன. எனக்கும் நிலாவுக்கும் பொருந்தவில்லை. அவளுடையது பக்கத்துக் கட்டில் ஆயிஷாவோடு பொருந்தியது. மறுபடி ஓட்டினேன். அதேதான்.

“ஒரே டம்ளர்ல குடிச்சிருப்பாங்க. நோய் இல்லீங்க, பயப்படாதீங்க” என்றார் சார்.

அந்தக் கோடுகள் பாசத்தைக் காட்டுவதில்லை. யார் எச்சில் யாரிடம் போனது என்பதைத்தான் காட்டுகின்றன. ஜூனியர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஆனாலும் அன்று ஆளில்லாத வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கோடுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வியிடம் முடிவைச் சொன்னதும், “பின்ன, ஒரே தட்டுலதானுங்க திங்கறோம். உங்க புள்ளைக்கும் அப்படித்தானுங்களே?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

3. கொய்யா

ஞாயிற்றுக்கிழமை நிலாவைப் பார்க்கப் போனேன். கொய்யா பழுத்திருக்கிறதா என்று ஒரு கடி கடித்து நீட்டினேன்.

“எச்சிம்மா. கிருமி வரும்னு நீதான சொல்லுவ.”

நான்தான் சொன்னேன். கைக்குழந்தையிலேயே அவளுக்குத் தனி டம்ளர், தனி ஸ்பூன். நாள் முழுக்க ஆய்வகப் பிளேட்டில் கிருமி வளர்ப்பவள் வீட்டில் வேறெப்படி இருக்கும்? அவள் தன் பையிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்துக் கடித்தாள். மீதியைப் பக்கத்தில் நின்ற ஆயிஷாவிடம் கொடுத்தாள். மணி அடித்ததும் இருவரும் ஓடினார்கள். நான் கடித்த கொய்யாவைச் சேலம் வரும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல இரண்டு உண்டு. அம்மா கூட இருந்தால் முதலில் அம்மாவுக்கு எடுங்கள். பிள்ளை தானாக வாய் திறக்கும். உங்கள் வீட்டு மாதிரியைச் சேர்க்க வேண்டி வந்தால், அந்த ஜெல்லை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.